பார்வை நேரம்: மனநல மருத்துவமனைப் புனைவுகளில் அதிகாரமும் தனிமனித எதிர்ப்பும்

முதுகலை மாணவர்களுக்கு ஒப்பிலக்கியம் நடத்தும்போது அந்தோன் செகாவின் 'ஆறாவது வார்டு' குறுநாவலைச் சில ஆண்டுகளாகச் சொல்லி வருகிறோம். பாடத்திட்டத்தில் அது இல்லை. பருவ இறுதியில் மிஞ்சும் ஓரிரு மணி நேரத்தில் சொல்வதுதான். மருத்துவர் ராகின், தாம் இருபதாண்டுக்கு மேல் நிர்வகித்த மருத்துவமனையிலேயே நோயாளியாக அடைக்கப்படும் இடம் வரும்போது வகுப்பு தானாகவே அமைதியாகிவிடும். அதன் பின் நிறுவனம், அதிகாரம், தனிமனிதன், எதிர்ப்பு என்று நாம் வழக்கமாகத் தரும் விளக்கங்களைத் தந்து முடிப்போம். சென்ற ஆண்டு அப்படி முடித்தபோது, ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அத்தன வருசத்துல அவங்கள பாக்க வீட்டுலருந்து ஒருத்தர்கூட வரலையா?" என்று கேட்டாள்.

அன்று நாம் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். வீட்டுக்கு வந்து பிரதியைத் திருப்பிப் பார்த்தபோது, செகாவ் அக்கேள்விக்கு விடை எழுதியே வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது. அந்த வார்டுக்குள் வெளியாள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை, முடி வெட்ட வரும் நாவிதர் ஒருவரைத் தவிர. அவரும் குடித்துவிட்டு வருபவர். அவரைக் கண்டாலே நோயாளிகள் கலங்குகிறார்கள். மற்ற நாளெல்லாம் அவர்கள் காணும் ஒரே முகம் காவலன் நிக்கீத்தாவினுடையது. அடித்தால்தான் ஒழுங்கு நிலைக்கும் என்று மனமார நம்புகிற பழைய சிப்பாய் அவன். பலமுறை படித்த கதையில் இந்த நாவிதரை நாம் ஒருபோதும் பொருட்படுத்தியதில்லை. மாணவியின் கேள்விக்குப் பின் இவ்வகைப் புனைவுகள் அனைத்தையும் அந்த ஒரு கேள்வியோடு மறுபடி வாசிக்கத் தோன்றிற்று. இக்கட்டுரை அவ்வாசிப்பின் விளைவு.

'ஆறாவது வார்டு' 1892 இல் வெளிவந்தது. அதற்கு ஈராண்டு முன்புதான் செகாவ் சகாலின் தீவின் தண்டனைக் குடியிருப்புகளை நேரில் கண்டு திரும்பியிருந்தார். அவரே மருத்துவர் என்பதால் மருத்துவமனையின் முடைநாற்றம் கதையின் முதற்பக்கத்திலேயே வந்துவிடுகிறது. ராகின் கொடியவர் அல்லர். படிப்பவர், சிந்திப்பவர், எதையும் மாற்ற முனையாதவர். சிறையிருப்பும் வெளியிருப்பும் மனத்தளவில் ஒன்றே என்று வார்டிலுள்ள கிரோமோவிடம் தத்துவம் பேசுகிறார். அறிவுள்ளவன் ஒருவனோடு உரையாடக் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் வார்டுக்கு அடிக்கடி போவதையே ஊர் அவருடைய பைத்தியத்துக்குச் சான்றாகக் கொள்கிறது. கடைசியில் நோயாளிகளின் அங்கியை அணிந்து, வெளியே போக வேண்டும் என்று கதவருகே நிற்கும்போது நிக்கீத்தாவின் அடி விழுகிறது. மறுநாளே உயிர் பிரிகிறது. இளம் வயதில் இதைப் படித்த லெனின், தாமே அந்த வார்டில் அடைபட்டதுபோல் உணர்ந்ததாகச் சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஜாரின் ருஷ்யா முழுவதற்கும் உருவகமாக இக்கதையை வாசிக்கும் மரபு அங்கிருந்து வருகிறது. அவ்வாசிப்பு பிழையன்று. ஆயினும், அரசு ஒருபுறம், தனிமனிதன் மறுபுறம் என்று கோடு கிழித்துவிட்டால், பார்க்க வராதவர்கள் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறார்கள்.

நம் நாட்டு வரலாற்றைச் சற்று நோக்குவோம். சென்னையில் மனநோயாளிகளுக்கென்று ஒரு காப்பகம் 1794 இல் வாலன்டைன் கொனலி என்ற கம்பெனி மருத்துவரால் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது பதினாறு பேருக்கான இடம். 1871 இல் அது கீழ்ப்பாக்கத்திலிருந்த லோகாக் தோட்டத்துக்கு மாறியது. (அதே காலத்தில்தான் எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணிக்குக் குறுக்கே அணை எழுந்துகொண்டிருந்தது, நீரைத் தேக்கவும் மனிதரைத் தேக்கவும் ஒரே பொதுப்பணித்துறை கல்லடுக்கிய காலம் அது.) 1922 இல் 'பைத்தியக்காரர் காப்பகம்' என்ற பெயர் போய் 'அரசு மனநல மருத்துவமனை' என்றாயிற்று. பெயர் மாறினாலும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசைச் சொல்லாகித் திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் நிலைத்துவிட்டது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், சென்னையையே காணாத எங்கள் பக்கத்துக் கிழவிகளும் கோபம் வந்தால் 'கீழ்ப்பாக்கத்துல கொண்டு விடணும்' என்பார்கள்.

'கொண்டு விடணும்' என்ற அந்த வினைமுற்றில்தான் விஷயம் இருக்கிறது. கொண்டு விடுவது யார்? காலனிய ஆட்சிக் காலத்தில் காப்பகங்களுக்குள் சென்றோரில் பெரும்பகுதியினர் தெருவில் திரிந்தவர்களாகவோ குற்றம் சாட்டப்பட்டவர்களாகவோ போலீசாரால் கொண்டு செல்லப்பட்டவர்கள். ஆனால் 1912 ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் இன்னொரு வாயிலையும் வகுத்து வைத்தது. கணவனோ மனைவியோ உறவினரோ நீதிபதியிடம் மனுக் கொடுக்கலாம். இரு மருத்துவச் சான்றுகள் இணைக்கப்பட வேண்டும். மனுக் கொடுப்பவர் அதற்கு முந்தைய பதினான்கு நாட்களுக்குள் அந்நபரை நேரில் கண்டிருக்க வேண்டும். உள்ளே விடுவதற்கு முன் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை நம்மை வெகுநேரம் யோசிக்க வைத்தது. அச்சட்டம் 1993 வரை நடைமுறையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த மனுவின் வாசகங்கள் பெரிதும் மாறவில்லை.

மிஷேல் ஃபூக்கோவின் பெயர் தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அதிகம் புழங்கிய 1990களில், 1961 இல் அவர் எழுதிய பைத்தியத்தின் வரலாற்றை ஒரு சூத்திரமாகவே பலர் ஏற்றனர். 1656 இல் பாரிஸில் பொது மருத்துவமனை நிறுவப்பட்டது, ஏழைகளும் பித்தர்களும் ஒருசேர அடைக்கப்பட்டனர், பகுத்தறிவு தன் எதிரியைச் சுவருக்குள் தள்ளியது என்பது அச்சூத்திரம். அதே ஃபூக்கோ 1982 இல் ஆர்லெட் ஃபார்ஜ் என்ற வரலாற்றாசிரியருடன் சேர்ந்து இன்னொரு நூலை வெளியிட்டார். அது ஏனோ நம்மிடையே அவ்வளவாகப் பேசப்படவில்லை. பஸ்தீல் சிறையின் ஆவணங்களிலிருந்து எடுத்த பதினெட்டாம் நூற்றாண்டு மனுக்களின் தொகுப்பு அது. இவனை அடைத்து வையுங்கள் என்று மன்னனிடம் மன்றாடுகிறவர்கள் அமைச்சர்களோ தளபதிகளோ அல்லர். குடிகாரக் கணவனோடு வாழ முடியாத மனைவி, மகனால் மானம் போயிற்றென்று நினைக்கும் பெற்றோர். கையெழுத்துப் போடத் தெரியாத எளிய மக்களும் எழுத்தரைப் பிடித்து எழுதி வாங்கியிருக்கிறார்கள். மன்னனின் முத்திரை மேலிருந்து இறங்குவதற்கு முன், அடுக்களையிலிருந்து ஒரு விண்ணப்பம் மேலேறியிருக்கிறது.

இதை வாசித்தபோது நமக்கு நம்மூர்க் கோட்டை நினைவுக்கு வந்தது. ஸ்ரீவைகுண்டத்தின் மண்கோட்டையையும் அதனுள் வாழ்ந்த கோட்டைப் பிள்ளைமார் சமூகத்தையும் பற்றி வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கமலா கணேஷ் என்ற மானிடவியலாளர் அவர்களைப் பற்றி எழுதிய ஆங்கில ஆய்வு நூல் 1993 இல் வெளிவந்தது. அச்சமூகத்துப் பெண்கள் வாழ்நாள் முழுதும் கோட்டைச் சுவரைத் தாண்டாதிருந்தனர். ஆண்கள் வெளியே சென்று வந்தனர். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன், வாஷிங்டனின் மனநல மருத்துவமனை ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1961 இல் எழுதிய நூலில், உண்பதும் உறங்குவதும் உழைப்பதும் ஒரே சுவருக்குள் ஒரே மேற்பார்வையில் நிகழும் இடங்களை 'முழு நிறுவனங்கள்' என வகைப்படுத்தினார். சிறை, படைமுகாம், மடம், மருத்துவமனை ஆகியவை அவர் பட்டியலில் உண்டு; வீடு இல்லை. கோட்டையை மருத்துவமனையோடு ஒன்றாக்குவது எம் நோக்கமன்று. அங்கே பெண்களுக்குச் சொத்தும் மதிப்பும் இருந்தன. ஆனால் சுவரைக் காக்க நிக்கீத்தா ஒருவன் தேவைப்படாத இடங்களும் உண்டு என்பதை எங்கள் ஊரில் பிறந்த எவரும் விளக்கமின்றியே புரிந்துகொள்வர்.

இவ்வகைப் புனைவுகளில் உலகம் அதிகம் அறிந்தது கென் கீஸி 1962 இல் எழுதிய 'குக்கூவின் கூட்டின் மேல் பறந்தவன்' என்ற பொருள்படும் ஆங்கில நாவல். கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளராக இருந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. 1975 இல் மிலோஷ் ஃபோர்மன் இயக்கத்தில் திரைப்படமாகி ஐந்து முதன்மை ஆஸ்கர் விருதுகளையும் பெற்றது. கதை பலர் அறிந்ததே. சிறை உழைப்பிலிருந்து தப்ப மனநோயாளியாக நடித்து உள்ளே வருகிறான் மக்மர்ஃபி. தலைமைச் செவிலி ராட்செட்டின் ஒழுங்கை ஒவ்வொரு நாளும் சீண்டுகிறான். இறுதியில் மூளை அறுவையால் நடைப்பிணமாக்கப்படுகிறான். நாவலைச் சொல்பவன் ஊமையும் செவிடுமாக நடித்துக்கொண்டிருக்கும் செவ்விந்தியன் பிராம்டன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எதையும் பேசாமலிருப்பதே அவன் எதிர்ப்பு.

இந்நாவலில் எம்மை மீண்டும் மீண்டும் நிறுத்தும் இடம் மூளை அறுவையன்று. வார்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தாமாகவே வந்து சேர்ந்தவர்கள், நினைத்தால் இன்றே வெளியேறலாம் என்பதை மக்மர்ஃபி அறிந்துகொள்ளும் இடம். அவன் திகைத்துப் போகிறான். பூட்டு அவனுக்குத்தான், மற்றவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. அவர்கள் அஞ்சுவது வெளியை. திக்குவாய் இளைஞன் பில்லி பிபிட்டின் முடிவை இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவனை வீழ்த்தச் செவிலிக்கு மின்னதிர்ச்சி தேவைப்படவில்லை. 'உன் தாயிடம் சொல்வேன்' என்ற ஒரு வாக்கியம் போதுமானதாகிறது. அவன் கழுத்தை அறுத்துக்கொள்கிறான். அமெரிக்கத் தனிமனித வாதத்தின் கொடியாகக் கொண்டாடப்படும் நாவலிலும் மிகக் கூரிய ஆயுதம் வீட்டிலிருந்துதான் வருகிறது.

இக்கதை இந்தியாவுக்கு வந்தபோது நேர்ந்த மாற்றம் ஆராயத்தக்கது. மலையாளத்தில் பிரியதர்ஷன் 1986 இல் 'தாளவட்டம்' எடுத்தார்; அது 1988 இல் தமிழில் பிரபு நடிக்க 'மனசுக்குள் மத்தாப்பூ' ஆயிற்று. செவிலி ராட்செட் காணாமற் போனார். அவர் இடத்தில் கண்டிப்பான மூத்த மருத்துவர் வந்தார். அவருடைய மகளே இன்னொரு மருத்துவர். நோயாளிக்கும் மகளுக்கும் காதல். மூளையை அறுக்கும் கத்தி இப்போது தந்தையின் கையில் இருக்கிறது. விமர்சகர்கள் இதை வணிகச் சமரசம் என்று ஒதுக்கினால் நாம் மறுக்கப் போவதில்லை. காதலும் பாட்டும் இல்லாமல் படம் ஓடாது என்ற கணக்கு அங்கே இருந்தது. ஆயினும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நிறுவன அதிகாரம் என்ற ஒன்றை நம் பார்வையாளர்க்கு உணர்த்த முனைந்த கலைஞர்களுக்குக் கிடைத்த மிக இயல்பான உருவம், மகளின் திருமணத்தைத் தடுக்கும் அப்பாதான். தெரிந்தோ தெரியாமலோ அவர்கள் சரியான இடத்தில் கைவைத்திருக்கிறார்கள்.

தேசப் பிரிவினையின் பின்னணியில் உருதுவில் சாதத் ஹசன் மண்டோ எழுதிய 'தோபா தேக் சிங்' கதையை அரசியல் அங்கதம் என்றே நாம் படிக்கிறோம், அது சரியே. இந்தியாவும் பாகிஸ்தானும் கைதிகளைப் போலவே மனநோயாளிகளையும் மதவாரியாக மாற்றிக்கொண்ட உண்மை நிகழ்வு அதன் அடித்தளம். மண்டோ தாமே குடிப்பழக்கத்துக்காக லாகூர் மனநல மருத்துவமனையில் இருந்தவர். 1955 இல் மறைந்தார். கதையில் வரும் பிஷன் சிங்கை இரும்புச் சங்கிலி பூட்டிக் கொண்டு வந்து சேர்த்தவர்கள் உறவினர்களே. பதினைந்து ஆண்டுகளாக அவர் உட்காரவோ படுக்கவோ இல்லை, நின்றபடியே இருக்கிறார். மாதம் ஒருமுறை வீட்டார் பார்க்க வருவார்கள். நாள் கிழமை தெரியாத அம்மனிதருக்கு அவர்கள் வரும் நாள் மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். அன்று நன்றாகக் குளித்து, எண்ணெய் தடவி, தலை வாரி, நல்ல உடை உடுத்திக்கொண்டு நிற்பார். கலவரம் தொடங்கியதும் வருகை நின்றது. அதன் பிறகே தன் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று எல்லோரிடமும் கேட்கத் தொடங்குகிறார். வீட்டார் வந்துகொண்டிருந்தவரை அவருக்கு அந்தக் கேள்வி எழவில்லை. இரு எல்லைகளுக்கும் நடுவில் அவர் விழுந்து இறக்கும் முடிவை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். எமக்கோ அந்தக் குளியல்தான் கதையின் மையமாகத் தெரிகிறது.

இவ்விடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மேலே எழுதியது நேர்மையாகாது. எங்கள் தந்தையாரின் தம்பி ஒருவர், கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கெழுதியவர், 1970களின் இறுதியில் தொலைவூர் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். அத்தையின் திருமணம் முடியட்டும், பிறகு அழைத்து வரலாம் என்பது அன்றைய முடிவு. திருமணம் முடிந்தது, பிறகு இன்னொரு அத்தை இருந்தார். பாட்டி இறந்த பின் அவருடைய தகரப்பெட்டியில் பதினேழு தபால் கார்டுகள் கிடைத்தன. சித்தப்பா எழுதியவை. நாம் அதுவரை அவற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்றிலும் புலம்பல் கிடையாது. தேதி, கிழமை, தமிழ் மாதம் மூன்றும் சரியாகப் போட்டிருக்கிறார். பொட்டலம் கட்டி வந்த செய்தித்தாளில் கண்ட வெங்காய விலை, அணையின் நீர்மட்டம் எல்லாம் எழுதியிருக்கிறார். ஏழெட்டுக் கார்டுகளில், அழைத்துப் போக வருபவர் எந்த வண்டியில் ஏறி, எங்கே மாறி, திருநெல்வேலியில் எத்தனை மணிக்குத் திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடித்தால் இருவரும் பொழுது சாய்வதற்குள் ஸ்ரீவைகுண்டம் வந்து இறங்கலாம் என்று அட்டவணை போட்டிருக்கிறார். தமக்கு அறிவு பிறழவில்லை என்று ஒரு வரிகூட வாதாடவில்லை. வண்டி நேரங்களே வாதம். 1987 இல் தந்தி வந்தபோதுதான் வீட்டிலிருந்து ஆள் போயிற்று. மருத்துவமனைமீது எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் இருமுறை கடிதம் போட்டிருக்கிறார்கள். அக்கடிதங்களும் அதே பெட்டியில் இருந்தன.

இக்கார்டுகளைக் கண்ட பிறகே கோபி கிருஷ்ணனைச் சரியாக வாசித்தோம். 1945 இல் மதுரையில் பிறந்து 2003 இல் மறைந்த கோபி கிருஷ்ணன், மனநலத் துறையில் சமூகப் பணியாளராகப் பணியாற்றியவர்; தம் சொந்த மனநலிவையும் மறைக்காமல், பல இடங்களில் தம்மையே கேலி செய்துகொண்டு எழுதியவர்; கடைசிவரை வறுமையோடும் வாடகை வீட்டோடும் போராடியவர். அவருடைய 'உள்ளேயிருந்து சில குரல்கள்' தமிழில் மனநல மருத்துவமனையைக் களமாகக் கொண்ட படைப்புகளில் முதன்மையாக வைக்கத்தக்கது. கதாநாயகன் இல்லை, வில்லனும் இல்லை. நோயாளிகள் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள்.

இதன் அருமையை அறிய அத்துறையின் எழுத்துமுறை பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும். மனநல மருத்துவமனையில் ஒருவர் சேர்க்கப்படும்போது எழுதப்படும் கேஸ் ஷீட்டில், நோயாளியின் பெயர் வயதுக்கு அடுத்தாற்போல் ஒரு வரி உண்டு: தகவல் தருபவர் யார், நோயாளிக்கு என்ன உறவு, அவர் சொல்வது நம்பத்தக்கதா. தந்தை, நம்பத்தக்கவர். கணவர், நம்பத்தக்கவர். அதன் பின் வரும் வரலாறு முழுவதும் அவர் சொன்னதுதான். நோயாளி சொல்வது அறிகுறியாகப் பதிவாகும். உறவினர் சொல்வது உண்மையாகப் பதிவாகும். மருத்துவத்துக்கு இது தேவையான முறை என்பதை நாம் மறுக்கவில்லை. நினைவு கலங்கியவரிடம் மட்டும் கேட்டு மருத்துவம் பார்க்க இயலாது. ஆனால் அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவோர்க்கு அந்த ஒற்றை வரியைவிடத் தெளிவான இடம் கிடைக்காது. அந்தப் படிவத்தை நன்கு அறிந்த கோபி கிருஷ்ணன், தம் நூலில் தகவல் தருபவரின் நாற்காலியில் நோயாளியையே உட்கார வைத்தார். தலைப்பும் இருபொருள் தருவது. மதில்களுக்கு உள்ளேயிருந்து வரும் குரல்கள் ஒன்று; மனநோய்க்கே அடையாளமாகச் சொல்லப்படும், தலைக்கு உள்ளே கேட்கும் குரல்கள் மற்றொன்று. அவர் அவற்றைத் திருத்துவதில்லை, விளக்கவும் முனைவதில்லை. மக்மர்ஃபியின் ஆரவாரமான கலகத்துக்குப் பழகிய வாசகர் இதில் எதிர்ப்பு எங்கே என்று கேட்கக்கூடும். தம் கதையைத் தாமே சொல்வதுதான் இங்கே எதிர்ப்பு. எங்கள் சித்தப்பா வண்டி நேரம் எழுதியது போல.

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' (1993 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது) இதற்கு மறுபுறத்தில் நிற்கிறது. அதில் மகாலிங்கம் இடைவிடாமல் குரல்களைக் கேட்கிறார். ஆனால் மருத்துவமனைக்குள் அடைபடவில்லை. மனைவி மக்களோடு, கடனோடு, முருக பக்தியோடு வீட்டிலேயே அவற்றைத் தாங்குகிறார். அந்நாவலைப் பைத்தியத்தின் கதை என்று சொல்லவே பலருக்கு மனம் வருவதில்லை. கொண்டு விடப்படாதவர் பைத்தியமாவதில்லை போலும்.

1999 இன் இறுதியில் வந்த பாலாவின் 'சேது' திரைப்படத்தையும் இவ்வரிசையில் வைக்கலாம். மூளையில் அடிபட்ட சேதுவைப் பாண்டி மடத்தில் சேர்ப்பவர்கள் அவன்மீது அன்புள்ளவர்களே. சங்கிலியில் கிடந்து, தெளிந்து, தெளிந்துவிட்டதை ஒருவரும் நம்பாமல், சுவரேறித் தப்பி ஊர் வருகிறான். அபிதா இறந்து கிடக்கிறாள். அவன் அழவில்லை, தேடி வந்த மடத்து ஆட்களோடு தானாகவே போய்விடுகிறான். கீஸியின் பிராம்டன் சன்னலை உடைத்துக்கொண்டு ஓடியதோடு அமெரிக்க நாவல் முடிந்தது. ஓடி எங்கே போவது என்பதை நம் கதை கேட்டது.

அப்படத்தின் சங்கிலியை மிகை என்று சொன்னவர்கள் இருந்தனர். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டியிருந்த தனியார் மனநலக் காப்பகமொன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன, நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டனர். இவையெல்லாம் ஆவணத்தில் உள்ளன. அவர்களை அங்கே கொண்டு விட்டு மாதாமாதம் பணம் அனுப்பியவர்களைப் பற்றி எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல இயலாது. அவர்களில் பலர் ஊரூராக மருத்துவம் பார்த்து, கைப்பொருள் இழந்து, வேறு வழி காணாதவர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. எங்கள் பாட்டி கல்நெஞ்சக்காரியல்லர். பதினேழு கார்டுகளில் ஒன்றைக்கூடத் தூர எறியவில்லை.

வழிபாட்டிடத்துக்குக் கொண்டு செல்வதையே மூடத்தனம் என்று ஒதுக்குவோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை வாய் பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டு சென்று ஒரு மண்டலம் தங்கி வேண்டினர் என்றும் மரபு சொல்கிறது. குழந்தையை விட்டுவிட்டு வரவில்லை, உடன் தங்கினார்கள். ஏர்வாடிக்கும் குணசீலத்துக்கும் போன பழைய தலைமுறையினரும் பெரும்பாலும் நோயாளியோடு கூடவே கிடந்தவர்கள்தாம். உறவினர் திரும்பிப் போக, காசு வாங்கிப் பார்த்துக்கொள்ளும் கொட்டகைகள் பெருகியது பிற்காலத்தில். இங்கே வியப்பான ஒற்றுமை ஒன்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற மருத்துவர், வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்க வைத்தார். 1957 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடனிருப்பதை முறையாக்கியது. உலக மனநல மருத்துவத்துக்கு இந்தியா அளித்த கொடைகளில் இது குறிப்பிடத்தக்கது. 1961 இல் கீழ்ப்பாக்கத்தின் முதல் பெண் கண்காணிப்பாளரான சாரதா மேனனும் உள்ளிருப்போரை வீடு திரும்பச் செய்வதையே தம் பெரும்பணியாகக் கொண்டார். அவருடைய காலத்தைக் களமாக வைத்து ஒரு நாவல் எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடை செய்கிறது. அதன் 19 ஆம் பிரிவைப் படித்தபோது, இலக்கியம் கற்பிக்கும் நமக்குச் சட்ட நூலுக்குள் ஒரு சிறுகதை புகுந்துவிட்டதோ என்று தோன்றியது. குடும்பம் இல்லை என்பதாலோ, குடும்பம் ஏற்க மறுக்கிறது என்பதாலோ மட்டும் ஒருவர் மருத்துவமனையிலேயே இருக்க நேரக்கூடாது என்கிறது அப்பிரிவு. தமக்காகப் பேசும் பிரதிநிதியாக உறவினரல்லாத ஒருவரையும் நோயாளி நியமித்துக்கொள்ளலாம் என்று 14 ஆம் பிரிவு சொல்கிறது. 1912 இன் மனுவில் முதன்மையாக உறவினருக்கு இருந்த இடம் இது. குணமடைந்த பின்னும் போக இடமின்றி மருத்துவமனைகளில் தங்கிவிட்டோருக்கு வழி செய்ய வேண்டுமென்று உச்சநீதிமன்றம் அதே 2017 இல் அரசுகளைப் பணித்தது. அப்படித் தங்கிவிட்டோர் இன்றும் இருக்கிறார்கள்.

உள்ளே போனவர்களைப் பற்றியும், உள்ளே இருந்தவர்களைப் பற்றியும், தப்பி ஓடியவர்களைப் பற்றியும் கதைகள் உள்ளன. முறைப்படி குணமாகி, கையெழுத்திட்டு, பாசஞ்சர் வண்டியில் வந்து இறங்கி, ஊரார் பார்க்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றிய தமிழ் நாவல் எம் வாசிப்பில் இதுவரை வரவில்லை. அறிந்தவர்கள் சொன்னால் தேடிப் படிப்போம். கேள்வி கேட்ட மாணவி இப்போது மண்டோவையும் கோபி கிருஷ்ணனையும் ஒப்பிட்டு ஆய்வேடு எழுத முனைந்திருக்கிறாள். 'உள்ளேயிருந்து சில குரல்கள்' நூலின் எம் படி அவளிடம்தான் இருக்கிறது. மூன்று மாதமாகத் திரும்பி வரவில்லை, நாமும் கேட்கவில்லை.